நடுக்கடலில் ஒரு கட்டில்

காலையில் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை, முன்பின் பார்த்திராத ஆண்களிடம் உடல் எடையைக் கேட்பது. "அண்ணே, இப்ப வெயிட் எவ்வளவு இருக்கீங்க?" சிங்கப்பூருக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்த புதிதில், இந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காரைக்காலில் எங்கள் வீட்டில் எடை என்பது அரிசி மூட்டைக்கும் நகைக்கும் உரியது. மனுஷரின் எடையை வாய்விட்டுக் கேட்டால் கண்ணு பட்டுவிடும் என்று அம்மா அடிக்க வருவாள். ரயில் நிலையத்தில் விளக்கு மினுக்கும் எடை மெஷினில் ஏறிய என் அத்தை, வந்து விழுந்த அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வீடு வரும்வரை யாருக்கும் காட்டவில்லை. நான் என்னடாவென்றால், கிளமெண்டியில் ஒரு ஏசி அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத அண்ணன்மார்களையெல்லாம் ஒவ்வொருவராக எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்று நினைக்கலாம். இல்லை. கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனம் எங்களுடையது. ஆட்கள் துவாஸில் உள்ள விடுதியில் இருப்பார்கள். முறை வரும்போது விமானத்தில் வடக்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போய், அங்கிருந்து ஹெலிகாப்டரில் தளத்துக்குப் போவார்கள். ஹெலிகாப்டருக்கு ஆள் எவ்வளவு, பை எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். போய் இறங்கினால் படுக்கக் கட்டில் வேண்டும். யாருக்கு எந்த ஹெலிகாப்டர், யாருக்கு எந்தக் கட்டில் என்று பொருத்துவதுதான் என் பிழைப்பு. ஊரில் வேலை இருக்கிறதா என்றால் நாற்காலி இருக்கிறதா என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்குக் கட்டில்தான் வேலை. கட்டில் இல்லாதவனைத் தளத்தில் இறக்க மாட்டார்கள்.

எடையைக் கேட்டால் பாதிப் பேர் வெட்கப்படுவார்கள், மீதிப் பேர் பொய் சொல்வார்கள். சூசை அண்ணன் மட்டும் இரண்டும் செய்ய மாட்டார். "நூறைத் தொடப்போறேன் தங்கச்சி. பைலட்டுகிட்ட சொல்லி நடுவுல உக்கார வைக்கச் சொல்லு. ஓரத்துல உக்காந்தா வண்டி சாஞ்சிரும்" என்று சிரிப்பார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தளத்தில் பெயிண்டிங் ஃபோர்மேன். ஊரில் மனைவியும், நர்சிங் படிக்கும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். வெகு நாள்வரை அவர் முகம் எனக்குத் தெரியாது. குரலும் எடையும்தான் தெரியும். அதுவே ஒரு மாதிரி நெருக்கமாகத்தான் இருந்தது.

நடுக்கடலில் பெயிண்ட் அடிப்பது ஓய்கிற வேலை இல்லை என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். துருவைச் சுரண்டி, மூன்று பூச்சுப் பூசி, தளத்தின் கடைசி மூலைக்கு வந்து சேரும்போது முதல் மூலையில் மறுபடி துரு தலைகாட்டியிருக்கும். "துரு இருக்கிற வரைக்கும் சூசைக்கு வேலை இருக்கு" என்பார். துரு தீர்ந்துபோகும் என்று யாரும் பயப்படவில்லை. எண்ணெய் தீர்ந்துபோகும் என்பதைத்தான் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

தளத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான். ஊரில் மூடுவது என்றால் கேட்டில் பூட்டுப் போடுவது. கடலில் அப்படி முடியாது. கிணறுகளைச் சிமெண்ட் போட்டு அடைக்க வேண்டும், குழாய்களைக் கழுவ வேண்டும், தளத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கப்பலில் ஏற்ற வேண்டும். டீகமிஷனிங் என்று அதற்குப் பெயர். அதற்காகப் புதுப்புது ஆட்கள் வந்தார்கள். இருந்த கட்டில் எல்லாம் நிரம்பி வழிந்தது. ஓவர்டைம் தாராளமாகக் கிடைத்தது. விடுதியில் சிலர் ஊரிலிருக்கும் தம்பியை, மச்சானை வரச்சொல்லிக்கூடப் பேசினார்கள். வேலையே வேலையைத் தீர்த்துக்கட்டுகிறது என்பது அந்தச் சந்தடியில் யார் காதிலும் ஏறவில்லை. என் காதிலும்தான். அந்த மாதங்களில் என் மேலாளர் லியோங் என்னைப் பார்த்தாலே, "ஜெயா, வெரி பிஸி ஆ? பிஸி இஸ் குட் லா" என்பார். நானும் தலையாட்டினேன்.

முதலில் அடி விழுந்தது பெயிண்டர்களுக்கு. வெட்டி எடுக்கப்போகிற இரும்புக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்? ஒரே வாரத்தில் அந்தக் குழு கரைந்தது. ஆனால் வெட்டுகிற இடங்களில் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சூடு பட்டால் அதிலிருந்து விஷப்புகை வரும். அதற்கு இரண்டு மூன்று பேர் போதும். சூசை அண்ணன் அதில் தொற்றிக்கொண்டார். "எத்தனை வருஷமா நான் பூசினதை நானே சுரண்டுதேன் தங்கச்சி. நல்லா ஒட்டியிருக்கு. நம்ம வேலை அப்படி" என்று போனில் சொன்னபோது, அது பெருமையா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மெதுவாகச் சுரண்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் வெட்டுகிற கப்பல் வாடகைக்கு வந்து நின்றுகொண்டிருந்தது, அவர் கையைப் பார்த்துக்கொண்டு.

அவர் ஒரு முறை முடித்துத் துவாஸுக்குத் திரும்பியிருந்த சமயத்தில்தான் படகுப் பிரச்சினை வந்தது. தளத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் உண்டு. ஆபத்து என்றால் எல்லோரும் அதில் ஏறித் தப்ப வேண்டும். படகில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் தளத்தில் தங்கலாம், கட்டில் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும். சோதனைக்கு வந்தவர்கள் ஒரு படகு லாயக்கில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் லியோங்கிடம், "எப்போது சரிசெய்வார்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒய் ரிப்பேர்? பிளாட்ஃபார்ம் ஆல்ஸோ கோயிங் வாட்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. படகுக்குச் செலவழிப்பதைவிட ஆட்களைக் குறைப்பது சுலபம். மிச்சமிருக்கும் படகும் பழையது. இப்போதைய ஆட்களின் சராசரி எடையை வைத்து அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் போட வேண்டும். எனவே எல்லோரிடமும் மறுபடி எடை கேள் என்றார். காரணம் சொல்லாதே, முடிவாகும்வரை வெளியே தெரியக்கூடாது என்றும் சொன்னார்.

"காரணம் சொல்லாமல் கேட்டால் பயப்படுவார்கள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "யூ எவ்ரிடே ஆல்ஸோ ஆஸ்க் வாட். வெயிட் ஒன்லி. நாட் சேலரி." தினமும் கேட்பது வேறு, ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிற நேரத்தில் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பது வேறு என்பதை எந்த ஆங்கிலத்தில் அவருக்கு விளக்குவது? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முடியவில்லை. கூப்பிட்டேன். கேட்டேன். எல்லோரும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள்: "எதுக்கும்மா?" எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: "சும்மாதாண்ணே, ஆபீஸ்ல கேக்குறாங்க." அந்தச் 'சும்மா' விடுதியில் என்ன பாடுபடுத்தியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனேன். பொங்கோலில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் எல்லாம் கிடைக்கும், ஆனால் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவுக்குத்தான் வந்தாக வேண்டும். அன்று ஞாயிறு என்பதால் தெருவெல்லாம் நம் ஆட்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து "தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டது. குரலை வைத்துத்தான் சூசை அண்ணன் என்று கண்டுபிடித்தேன். இடையில் ஒரே ஒரு முறை அலுவலகத்தில் பார்த்திருந்த அந்தப் பெரிய உருவத்தைக் காணவில்லை. சட்டை தோளிலிருந்து தொங்கியது. கன்னம் உள்ளே போயிருந்தது.

"என்னண்ணே, இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க! உடம்புக்கு முடியலையா?" என்று பதறிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லாத் தெரியுதா?" என்றார். காப்பிக்கடைக்குக் கூப்பிட்டார். எனக்குப் பரோட்டா சொல்லிவிட்டு, தனக்குச் சர்க்கரையும் பாலும் இல்லாத கோப்பி ஓ கோசோங் மட்டும் வாங்கிக்கொண்டார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் உணவுக் கட்டுப்பாடு சொல்லியிருப்பார் போல என்று எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது, "அடுத்த தடவ வெயிட் கேக்கும்போது பாரு, நீயே அசந்துருவே" என்று கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்துவிட்டு முருங்கைக்காயோடு ரயில் ஏறிவிட்டேன்.

இதற்குள் கணக்கு முடிந்து பட்டியல் என் மேசைக்கு வந்தது. படகில் ஏறக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை, எந்தெந்த வேலைக்கு ஆள் தேவை என்று ஒரு வரிசை. தனி ஒருவரின் எடையை வைத்து யாரையும் எடுக்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. சுரண்டும் வேலைக்கு ஒரே ஒரு கட்டில். அதற்கு நேராக சூசை அண்ணனின் பெயர். அனுபவம் என்றால் அவர்தான் என்று தளத்திலிருந்தே கேட்டிருந்தார்கள். அந்தப் பெயரைத் தட்டச்சுச் செய்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகுதான் ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அது எல்லோரும் வழக்கமாகத் தாண்டிவிடுகிற சடங்கு, அவரும் பல முறை தாண்டியவர்தான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து கவிதா என் இடத்துக்கு வந்தாள். இங்கேயே தோ பாயோவில் பிறந்து வளர்ந்த பெண். "அக்கா, உங்க பெயிண்டர் அங்கிள் கிளினிக்ல மயங்கி விழுந்துட்டாரு லா. ட்ரெட்மில்ல நடக்கும்போது. இப்ப ஓகேதான். பட் டாக்டர் அன்ஃபிட் போட்டுட்டாங்க. டெம்பரரி. பிறகு வந்து ரீடெஸ்ட் பண்ணணுமாம்." காரணம் என்ன என்று கேட்டேன். "சாப்பிடவே இல்லையாம். சுகர் டேப்லெட் மட்டும் போட்டிருக்காரு. ஏன் அக்கா இப்படிப் பண்றாங்க?" அவள் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. குண்டாக இருப்பவர்களுக்குப் படகில் இடமில்லை, அவர்களைத்தான் முதலில் கழற்றிவிடப் போகிறார்கள் என்று விடுதி முழுக்கப் பேச்சு. ஒரு படகு போய்விட்டது என்பதைத் தளத்தில் இருப்பவர்கள் எப்படியோ சொல்லிவிட்டார்கள். நான் எடை கேட்டிருந்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பாதிப் பேர் ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருந்தார்கள். சூசை அண்ணன் பகல் சோற்றையும் நிறுத்தியிருந்தார்.

எங்கள் ஊரில் மேலே இருப்பவர் எதையாவது காரணம் சொல்லாமல் கேட்டால், கேட்டதற்கு மேல் இரண்டு மடங்கு செய்துவைத்துவிட்டு நிற்போம். பள்ளிக்கூடத்தில், தாலுகா ஆபீஸில், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்கேயும் அப்படித்தான். ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்காமலே புரிந்துகொள்வது கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் அவர் வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். தன்னிடம் ஏற்கெனவே இருந்த கட்டிலைப் பட்டினி கிடந்து இழந்திருக்கிறார்.

லியோங்கிடம் ஓடினேன். "அவருக்கு வியாதி இல்லை. சாப்பிட்டால் சரியாகிவிடுவார். இரண்டு வாரம் கொடுங்கள்" என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பட் ஹூ ஆஸ்க் ஹிம் டு டயட்?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். "தென் ஒய்?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஜெயா, டூ வீக்ஸ் கேனாட் லா. ஷிப் கேனாட் வெயிட். மை சேர் ஆல்ஸோ கோயிங்" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினார். தளம் போனால் இந்தப் பிரிவே போகும். அடுத்து அவர், அதற்கடுத்து நான். யாரைக் கோபித்துக்கொள்வது? டாக்டரையா? அவர் தன் வேலையைச் செய்தார். எண்ணெயையா? அது தீர்ந்துவிட்டது. அன்றைக்குக் கழிப்பறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். மாலைக்குள் அந்தக் கட்டிலில் வேறொரு பெயரைத் தட்டச்சுச் செய்தேன்.

சூசை அண்ணனின் வேலை அனுமதியை ரத்து செய்தார்கள். இந்த வயதில் வேறு முதலாளி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், பெண்களுக்குச் சாமான் வாங்கச் சிராங்கூன் சாலைக்கு வந்திருந்தவரைப் பார்க்கப் போனேன். வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன். பிசைந்து வைத்துக்கொண்டு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "வயிறு சுருங்கிப் போச்சு" என்றார். இலையை மூடாமலே மெல்லக் கேட்டார்.

"எவ்வளவு வரைக்கும் எடுத்தாவ தங்கச்சி?"

"என்னது அண்ணே?"

"வெயிட்டுதான். எத்தனை கிலோ வரைக்கும் விட்டாவ? நான் எவ்வளவுல தவறினேன்?"

சொல்லிவிடத்தான் வேண்டும் என்று தோன்றியது. "அப்படி ஒரு கணக்கே இல்லண்ணே. வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க பேரு லிஸ்ட்ல இருந்துச்சு. நீங்க சாப்பிட்டிருந்தாலே போதும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் உடைந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி, என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சிரித்தார். "சரி சரி, அழாத. ஆபீஸ் ரகசியம், வெளிய சொல்லக்கூடாதுன்னு இருக்கும். உன் வேலைக்கு வம்பு வந்துரக்கூடாது. நான் கேக்கல." எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. எண்பதில் வைத்திருப்பார்கள், தான் இரண்டு மூன்று கிலோவில் தவறியிருப்பேன் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வெளியே வந்ததும், "ஊர்ல என்னைச் சிங்கப்பூர்க்காரன்னுதான் கூப்பிடுவாவ. இந்த ஊர்ல நான் மொத்தமா எத்தனை நாள் இருந்திருப்பேன் சொல்லு. எல்லாம் அங்கதான்" என்று கையைப் பொதுவாக வானத்தின் பக்கம் காட்டினார். அங்கே அடுக்குமாடி வீடுகள்தான் தெரிந்தன.

ஊருக்குப் போன பிறகும் போன் செய்வார். நலம் விசாரிப்பார். கடைசியில் ஒரே கேள்வி: "நிக்குதா?" தளத்தைத்தான் கேட்கிறார். "நிக்குதுண்ணே" என்பேன். உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தது, மேல் தட்டை மட்டும் வெட்டியிருந்தார்கள். பிறகு ஒரு நாள் பெரிய கிரேன் கப்பல் வந்து மிச்சத்தையும் தூக்கிவிட்டது. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரு படம் அனுப்பினார்கள். வெறும் கடல். எங்கே இருந்தது என்று காட்ட ஒரு மிதவைகூட இல்லை. என்னை வேறொரு தளத்தின் பட்டியலுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், விபத்தில்லாமல் முடித்ததற்கு. நானும் ஒரு துண்டு தின்றேன்.

என் அப்பா வேலை பார்த்த நூற்பாலையை நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மூடினார்கள். மூடிய பிறகும் கட்டடம் அங்கேயே இருந்தது. கூரையில் ஆலமரம் முளைத்தது. அப்பா சைக்கிளில் அந்த வழியாகவே கடைக்குப் போய்வருவார். கட்டடம் நிற்கிறதே, திறக்காமலா போவார்கள் என்பார். திறக்கவில்லை. ஆனால் போய்ப் பார்ப்பதற்கு ஒரு கேட்டும், திட்டுவதற்கு ஒரு பூட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தன. சூசை அண்ணனுக்கு அதுவும் இல்லை. அந்தத் தளம் துவாஸிலோ வேறு எங்கோ பழைய இரும்பாக அவர் பூசிய பெயிண்ட்டோடு கிடக்கும். அதையும் உருக்கிவிடுவார்கள்.

போன வாரம் கூப்பிட்டார். என் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடந்துகொண்டிருந்தேன். பேச்சில் தெம்பு இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாராம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம், ஊர் டாக்டரே சொல்லிவிட்டாராம்.

"நிக்குதா தங்கச்சி?"

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். லிஃப்ட் வந்துவிட்டது.

"நிக்குதுண்ணே."

"அப்ப கூப்பிடுவாவ. சுரண்ட ஆள் வேணும்லா. என் கட்டிலை யாருக்கும் குடுத்துறாத."

"குடுக்க மாட்டேன் அண்ணே" என்றேன். இந்த வேலைக்கு வந்த நாள்முதல் நான் யாருக்கும் கொடுத்த வாக்குகளில், நிச்சயமாகக் காப்பாற்ற முடிந்தது இது ஒன்றுதான்.